ஸ்போர்ட் ஜெட்டில் 100 நியூட்டன் டர்பைன்: ரெயில், டெயில்பைப், எரிபொருள் லைன் சந்தேகங்கள்

நீலவானம்_ஆர்சி:
வணக்கம் நண்பர்களே. ரிமோட்டில் பறக்கும் மாடல் ஜெட் ஒன்று கட்டுகிறேன். 2 மீட்டர் இறக்கை, ஃபைபர்கிளாஸ் உடல், டர்பைனுக்கென்றே (சின்ன ஜெட் எஞ்சின்) வந்த கிட். 100 நியூட்டன் எஞ்சின் போகிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரெயிலை எதில் ஒட்டுவது? எஞ்சினுக்கும், சூடான வாயுவை வால் வழியாக வெளியேற்றும் டெயில்பைப்புக்கும் எவ்வளவு இடைவெளி? 2.5 லிட்டர் டேங்க் போதுமா? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எதை விட்டுவிடக் கூடாது?

சூடுபைப்:
100 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 10 கிலோ தள்ளுவிசை. அது முழுவதும் இரண்டு ரெயில்கள் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. பிர்ச் ப்ளைவுட் ரெயிலை இரண்டு ஃபார்மர்களில் (உடலுக்குள் குறுக்கே நிற்கும் சட்டங்கள்) பூட்டி, மெதுவாக இறுகும் 24 மணி நேர எபாக்சியில் ஒட்டுங்கள். 5 நிமிட எபாக்சி இங்கே வேண்டாம், சூடு பட்டால் இளகிவிடும். மர ஸ்க்ரூவைத் தவிர்த்து எம்4 போல்ட், அடியில் டீ-நட் (மரத்தில் பதியும் நட்), த்ரெட்லாக் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை) போடுங்கள்.

இடைவெளிக்கு உங்கள் எஞ்சின் கையேடு சொல்லும் எண்தான் கணக்கு. இந்த அளவு எஞ்சின்களுக்குப் பொதுவாக 15 முதல் 25 மி.மீ.க்குள் வரும். நாசிலிலிருந்து (எஞ்சினின் பின்வாய்) பாயும் வாயு, சுற்றியுள்ள குளிர்ந்த காற்றையும் பைப்புக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடைவெளி குறைந்தால் அந்தக் காற்று வராமல் உடல் வேகும். கூடினாலோ, நாசில் மையம் விலகியிருந்தாலோ, சூடான வாயு பைப் வாயின் விளிம்பில் மோதி உடலுக்குள் திரும்பும். வால் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், நாசில் வளையம் பைப்பின் நட்டநடுவில் தெரிய வேண்டும்.

பைப்பை முன்பக்கம் மட்டும் இறுக்குங்கள், பின்முனை நகர இடம் விடுங்கள். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 300 டிகிரி கூடினால் சுமார் 5 மி.மீ. நீளும். இரு பக்கமும் கட்டிவிட்டால் பைப் நெளியும், இல்லையென்றால் ஃபார்மர் பிய்யும். பக்கத்தில் போகும் வாலில் உள்ள எலிவேட்டரை அசைக்கும் செர்வோ மோட்டார் வயர், காற்று ட்யூப் எல்லாவற்றையும் உடல் சுவரோடு ஒட்டிக் கட்டி, மேலே அலுமினிய டேப் போடுங்கள்.

கெரோசின்_கேன்:
எரிபொருள் பக்கம் நான் சொல்கிறேன். முழு த்ராட்டிலில் இந்த வகுப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 350 முதல் 400 மில்லி வரை குடிக்கும். 8 நிமிடப் பறத்தலில் சராசரி அதைவிட நன்றாகக் குறைவு என்பதால் 2.5 லிட்டர் போதும். டைமரை முதலில் 6 நிமிடத்துக்கு வையுங்கள், இறங்கியதும் மிச்சத்தை அளந்து பிறகு கூட்டலாம்.

ஆயில் கலக்க மறக்கவே கூடாது. பேரிங்குக்குப் போகும் எண்ணெய் அந்த எரிபொருளில்தான் இருக்கிறது. கையேடு 5 சதவீதம் என்றால் 20 லிட்டருக்கு 1 லிட்டர் டர்பைன் ஆயில்.

வரிசை: மெயின் டேங்க், ஹாப்பர் டேங்க் (குமிழியைப் பிடித்து நிறுத்தும் சின்ன டேங்க்), பம்ப், ஃபில்டர், கையால் மூடும் வால்வு, சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது), எஞ்சின். பம்ப் வரைக்கும் 6 மி.மீ. ட்யூப், அதற்குப் பிறகு 4 மி.மீ. உறிஞ்சும் பக்கம் ட்யூப் ஒல்லியாக இருந்தால் பம்ப் இழுக்கும்போதே குமிழி உண்டாகும். ஒரு பெரிய குமிழி எஞ்சினை எட்டினால் சுடர் அணைந்துவிடும். டேங்க்குக்குள் காற்று வர விடும் வென்ட் ட்யூபும் அதே பருமன் இருக்கட்டும். ட்யூபைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், முனை நசுங்கி, ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கில் சரியாக உட்காராது. புது பிளேடால் நேராக வெட்டி, ஃபிட்டிங்குக்குள் முழுசாகத் தள்ளுங்கள்.

எஞ்சினில் மாட்டும் முன் லைனைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்ப்பை ஓட்டி அரை லிட்டர் வெளியேற்றுங்கள். டேங்க்கில் துளை போட்ட தூள் அப்போதுதான் வரும். லைன் எஞ்சினில் இருக்கும்போது இதைச் செய்தால் உள்ளே எரிபொருள் தேங்கி, அடுத்த ஸ்டார்ட்டில் பைப் முழுக்க நெருப்பு வரும். எரிபொருள் நிரப்பும்போது கை வால்வை மூடி வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

சிஓ2_ரெடி:
முதல் ஸ்டார்ட்டைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் கையில் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் இருக்க வேண்டும். பவுடர் அணைப்பான் நெருப்பை அணைக்கும், ஆனால் எஞ்சினுக்குள் போன பவுடர் அதைக் கெடுத்துவிடும். மூக்கு காற்றுக்கு எதிராக இருக்கட்டும். வால் பக்கமிருந்து காற்று அடித்தால் ஸ்டார்ட்டில் சூடு எகிறும். ரோட்டர் சுழலும் தளத்தில், அதாவது பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது.

மூடியைப் போடுவதற்கு முன் உடலுக்குள் வாக்யூம் அடியுங்கள். விழுந்து கிடக்கும் ஒரு வாஷர் போதும், கம்ப்ரஸர் சக்கரம் போய்விடும். இன்டேக்கில் வலை கட்டாயம்.

ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் எஞ்சின் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) ஐடிலில் (மெதுவாக ஓடும் நிலை) விடாமல் எஞ்சின் ஆஃப் என்று வையுங்கள். விமானத்தைக் கட்டிப்போட்டு ஐடிலில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். எஞ்சின் நிற்காவிட்டால் பறக்க வேண்டாம். நின்ற பிறகு ஈசியூ (எஞ்சினை இயக்கும் சின்னக் கணினி) ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றிக் குளிரவைக்கும். அது முடியும்வரை பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

நீலவானம்_ஆர்சி:
மிக்க நன்றி. பாட்டிலில் விட்டுப் பார்த்தேன். பம்ப் வேகம் கூடும்போது ஹாப்பருக்கும் பம்ப்புக்கும் நடுவே பொடிப் பொடியாகக் குமிழி வருகிறது. எங்கும் ஒழுகவில்லை.

கெரோசின்_கேன்:
உறிஞ்சும் பக்கம் ஒழுகாது நண்பரே, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஹாப்பரிலிருந்து வெளிவரும் ஃபிட்டிங்கைக் கழற்றி, ட்யூப் முனையை 5 மி.மீ. வெட்டி மறுபடி மாட்டுங்கள். அப்படியும் வந்தால் மெயின் டேங்க் வென்ட்டைப் பாருங்கள். அது அடைந்திருந்தால் டேங்க்கே உள்வாங்கும், எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் குமிழி வரும்.