சேஃப்டி பின் மோட்டார் ஆடுகிறது, ஆனால் சுற்றவில்லை. எங்கே தப்பு?

நூல்கண்டு, கரூர்:

வணக்கம். நான் தையல் வேலை செய்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மோட்டார் செய்வது என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள். கடையில் வாங்கிய பொம்மை மோட்டாரை அட்டையில் ஒட்டி வைக்க மாட்டேன், நான் சுற்றிய காயில்தான் ஓட வேண்டும் என்கிறாள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. மூன்று ராத்திரியாக இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறோம், ஓடவில்லை.

டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி கட்டை ஒன்று, புதிது. படுக்க வைத்து, இரண்டு முனையிலும் பெரிய சேஃப்டி பின் ஒவ்வொன்றை நிறுத்தி, பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்து இறுக்கியிருக்கிறேன். ரப்பர் பேண்டை விட நன்றாகப் பிடிக்கிறது. பின்னின் துளை மேலே நிற்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் 26 கேஜ் கம்பி கொஞ்சம் கேட்டு வாங்கி, கட்டையின் மேலேயே 15 சுற்று சுற்றிக் கழற்றினோம். இரண்டு முனையையும் எதிரெதிராக நீட்டிப் பின்னின் துளைகளில் வைத்தோம். காந்தம் ஒரு சின்ன ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது. கடையில் தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருந்தேன். கட்டை மேல் காந்தம், அதற்கு மேலே காயில்.

முதல் காயிலில் இரண்டு முனையிலும் கம்பி மேல் இருக்கும், மின்சாரம் போகவிடாத எனாமல் பூச்சை முழுதாகச் சுரண்டினோம். இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அப்புறம் நின்றுவிட்டது. ஒரு முனையில் பாதிதான் சுரண்ட வேண்டும் என்று பிறகு தெரிந்தது. புதிதாக இன்னொன்று சுற்றி, வளையத்தைத் துணி வெட்டும் மேசையில் தட்டையாக வைத்து, ஒரு முனையில் மேலே தெரிகிற பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன். இன்னொரு முனை முழுதும் தேய்த்தது. இதுவும் நடுங்கிவிட்டுத் தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. கையால் சுற்றிவிட்டாலும் அதே கதை. பேட்டரியும் சூடாகிறது. பேட்டரி போதவில்லையா, கம்பி சரியில்லையா?

பொடியன்:

அக்கா, எனாமல் கண்ணுக்குத் தெரியாது, சுரண்டிவிட்டோம் என்று நினைப்போம், ஒரு படலம் மிச்சம் இருக்கும். நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், வேகம் வரும்.

காயில்காரர், கோவை:

தம்பி, 9 வோல்ட் வேண்டாம். அந்தச் சின்னச் சதுர பேட்டரிக்கு வோல்ட் அதிகமே தவிர, இந்த மாதிரி தடித்த கம்பிக் காயிலுக்கு வேண்டிய ஆம்பியர் அதனால் தர முடியாது. கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். இதற்குப் பெரிய கட்டைதான் சரி. எனாமலும் காரணம் இல்லை. காயில் நடுங்குகிறது, கட்டை சூடாகிறது என்றால் மின்சாரம் நன்றாகவே போகிறது.

தங்கச்சி, நான் 31 வருஷமாக கோவையில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். நீங்கள் எழுதியதில் "மேசையில் தட்டையாக வைத்து" என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், தப்பு அங்கேதான். பாதி சுரண்டியது சரி. எந்தப் பாதி என்பதுதான் தவறிவிட்டது.

உங்கள் கால்மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். மிதியைக் கீழே அழுத்துகிற அரைச் சுற்றில்தான் குதிகால் அழுத்தம் வேலை செய்கிறது. மேலே வருகிற அரைச் சுற்றை, சுழலும் சக்கரத்தின் கனமே இழுத்துக்கொண்டு வந்துவிடும். மிதி மேலே வரும்போதும் விடாமல் அழுத்தினால் என்ன ஆகும்? சக்கரம் பின்னால் போகும், நூல் அறுந்துவிடும். உங்கள் முதல் காயிலுக்கு நடந்தது அதுதான். காந்தத்துக்கு மேலே இருக்கும் காயிலில் மின்சாரம் போனால், ஒரு பக்கக் கம்பியை ஒரு பக்கமாகவும் எதிர்ப்பக்கக் கம்பியை மறுபக்கமாகவும் தள்ளும். அதனால் காயில் திரும்பும். ஆனால் தட்டையான நிலைக்கு வந்ததும் அந்தத் தள்ளல் அதைத் திருப்ப முடியாது. தாண்டிப் போனால் அதே தள்ளல் பின்னுக்கு இழுக்கும். அதனால் ஆடி ஆடி அங்கேயே அடங்கிவிடுகிறது.

அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தி, விட வேண்டிய நேரத்தில் விடத்தான் பாதி எனாமல். காந்தம் கீழே இருக்கும்போது, காயில் செங்குத்தாக நிற்கும் நிலையில்தான் திருப்பும் பலம் மிக அதிகம். அந்த நிலையை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் கால் கால் சுற்று மின்சாரம் போக வேண்டும். நீங்கள் தட்டையாக வைத்துத் தேய்த்ததால், காயில் தட்டையாக இருக்கும் நிலை நடுவில் வந்துவிட்டது. வருகிற கால் சுற்றில் முன்னால் தள்ளுகிறது, போகிற கால் சுற்றில் அதே அளவு பின்னால் இழுக்கிறது. வரவும் செலவும் சரியாகப் போய்விட்டது.

காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பியைத் தொடவே வேண்டாம், காந்தத்தை இடம் மாற்றுங்கள். கீழே இருப்பதை எடுத்து, காயிலின் பக்கவாட்டில், அதன் உயரத்துக்கு வரும்படி நிறுத்தி வையுங்கள். காந்தத்தின் முகம் காயிலைப் பார்க்க வேண்டும். பின் இருக்கிற இரண்டு முனைப் பக்கம் வைக்காதீர்கள், கட்டையின் நீளவாட்டில் வையுங்கள். காந்தம் கால் சுற்றுத் திரும்பிவிட்டால் நீங்கள் தேய்த்த பாதியே சரியான பாதி ஆகிவிடும். ஸ்பீக்கர் காந்தம் வளையமாக இருப்பதால் நடு ஓட்டை காயிலுக்கு நேராக வேண்டாம். ஓட்டைக்கு அருகே பலம் குறைவு, திசையும் மாறும். வளையத்தின் உடம்பு நேராக இருக்கட்டும்.

காந்தத்தைக் கீழேயே வைத்து ஓட்ட இன்னொரு காயில் கட்டுவதாக இருந்தால், வளையத்தை மேசை ஓரத்தில் செங்குத்தாகப் பிடித்து, நீட்டிய முனையை மேசை மேல் வைத்து, மேல்பக்கத்தை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மின்சாரம் இல்லாமல் விரலால் ஒரு தட்டு. எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். முனைகள் வளையத்தின் நடுவில் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். அதை வளைத்துச் சரி செய்யாமல் ஓட்டினால் பின்னில் இருந்து துள்ளி விழும். பம்ப் மோட்டார் ஆனாலும் இதே கதைதான், கனம் ஒரு பக்கம் சாய்ந்தால் பேரிங் போகும்.

நூல்கண்டு, கரூர்:

அண்ணா, ஓடிவிட்டது!

நூல்கண்டு டப்பா இரண்டை அடுக்கி அதன் மேல் காந்தத்தைச் சாய்த்து வைத்தோம். பாப்பா விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். முதலில் இரண்டு சுற்று தயங்கியது, அப்புறம் வளையமே கண்ணுக்குத் தெரியவில்லை, மங்கலாக ஒரு பந்து மாதிரி. பாதி சுரண்டிய முனையில் சின்னச் சின்னப் பொறி, விளக்கை அணைத்தால் நீலமாகத் தெரிகிறது. அவள் அழுதே விட்டாள். நானும்தான்.

மிதி என்று நீங்கள் சொன்னதும் எனக்கு உடனே பிடிபட்டது. எந்த நொடி அழுத்த வேண்டும் என்று என் காலுக்கு இருபது வருஷமாகத் தெரியும். அதையே அவளுக்கும் மிஷினில் உட்காரவைத்துக் காட்டினேன்.

இப்போது அவளுக்கு இரண்டு கேள்வி. ஒரு பக்கம் தட்டினால் ஓடுகிறது, எதிர்ப்பக்கம் தட்டினால் நின்றுவிட்டு, சில சமயம் தானாக முதல் பக்கமே திரும்புகிறது. ஏன்? இரண்டாவது, தையல் மிஷினில் மாட்டுகிற மோட்டாரிலும் இந்தப் பாதிச் சுரண்டல் இருக்கிறதா?

இயற்பியல் டீச்சர், மதுரை:

முதல் கேள்வியை அவளே கண்டுபிடித்தது பெரிய விஷயம். மின்சாரம் போகிற அந்த அரைச் சுற்றில் தள்ளல் எப்போதும் ஒரே திசையில்தான். அதனால் இந்த மோட்டார் ஒரு திசையில் மட்டுமே ஓடும். கண்காட்சியில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: காந்தத்தின் மறுமுகத்தைக் காயிலின் பக்கம் திருப்பினால் சுற்றும் திசை மாறும். காந்தத்தை விட்டுவிட்டு பேட்டரி கட்டையை முன்பின்னாக மாற்றினாலும் மாறும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய திசையே வரும். வருகிறவர்களிடம் முதலில் "எந்தப் பக்கம் சுற்றும்?" என்று கேட்டுவிட்டுப் பிறகு ஓட்டட்டும். தள்ளும் திசையை விரல்களை வைத்துக் கண்டுபிடிக்கப் பாடத்தில் வரும் இடது கை விதி அப்போது கையில் வந்து உட்காரும்.

தையல் மிஷின் மோட்டாரில் பாதிச் சுரண்டல் இல்லை, அதற்குப் பதில் திசைமாற்றி இருக்கிறது. தண்டைச் சுற்றிச் செம்புத் துண்டுகள், அவற்றைத் தொட்டபடி இரண்டு கார்பன் பிரஷ். உங்கள் மோட்டார் பாதி நேரம் சும்மா இருக்கிறது. திசைமாற்றி அந்தப் பாதியிலும் மின்சாரத்தை எதிர்த்திசையில் அனுப்பி வேலை வாங்குகிறது. பழைய பொம்மை மோட்டார் கிடைத்தால் மூடியைக் கழற்றிக் காட்டுங்கள். உள்ளே பெரும்பாலும் மூன்று காயில், மூன்று செம்புத் துண்டு இருக்கும். எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு காயிலாவது தள்ளல் வாங்கும், அதனால் விரலால் தட்ட வேண்டியதில்லை. தையல் மோட்டாரில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாகவும் காயில்தான். வீட்டு மாறுமின்சாரம் திசை மாறும்போது இரண்டு காயிலிலும் சேர்ந்தே மாறுவதால், சுற்றும் திசை மாறாது. இப்போதுதான் சொன்னேன் அல்லவா, இரண்டையும் மாற்றினால் பழைய திசை என்று, அதேதான்.

அட்டையில் எழுத ஒரு வரி வேண்டுமென்றால்: 1821-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் மின்சாரம் போகும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓடவைத்தார். திசைமாற்றி வைத்த மோட்டாரை வில்லியம் ஸ்டர்ஜன் 1832-இல் செய்தார்.

சூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் 15 சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் கம்பி, அதன் மின்தடை 0.2 ஓமைக்கூடத் தொடாது. கட்டைக்குள் இருக்கும் தடையும் கம்பி தொடும் இடத்தின் தடையும்தான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. காயில் ஓடாமல் நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். செல்போன் பேட்டரியை எந்தக் காரணத்துக்கும் இதில் இணைக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

காயில்காரர், கோவை:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. பொறி விழுகிற இடம் நாளடைவில் கறுத்துவிடும், காயில் மெதுவாகும். வெள்ளிக்கிழமை காலையில் உப்புத்தாளால் ஒரே ஒரு இழுப்பு, அந்தப் பாதியில் மட்டும். ஒரு கட்டையும் ஒரு காயிலும் கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

நூல்கண்டு, கரூர்:

இரண்டு காயில் கூடுதலாகச் சுற்றிவிட்டாள் அண்ணா. ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்தது, ஒன்றைத் தட்டையாக வைத்துத் தேய்த்தது. இரண்டையும் மேசையில் வைத்து, காந்தத்தைக் கீழேயும் பக்கத்திலும் மாற்றி மாற்றி, எது எங்கே ஓடும் என்று காட்டப் போகிறாளாம். என் குண்டூசி காந்தம் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது.