காசிக்கு முன்னால ராமேஸ்வரம்: அம்மாவால முடியுமா?

பரமக்குடிக்காரன்:
அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, முழங்கால் வலி வேற. காசிக்குக் கிளம்புமுன்ன ராமேஸ்வரம் போய் கடற்கரையில சேது மணல் எடுத்தே ஆகணும், கோயில்ல 22 தீர்த்தமும் ஆடணும்னு ஒரே பிடிவாதம். போன ஆளுங்க சொல்லுங்க.

ராமேஸ்வரத்து மருமக:
முடியும்ணே, அமாவாசையை மட்டும் விட்ருங்க. தை, ஆடின்னா நிக்க இடமிருக்காது. முதல்ல அக்னி தீர்த்தம். கடல்தான், ஆனா குளம் மாதிரி கிடக்கும். யாரோ விட்டுட்டுப் போன துணி கால்ல சுத்தும், அம்மா கையை விட்றாதீங்க. கோயிலுக்குள்ள கிணத்துல வாளியால இறைச்சுத் தலையில ஊத்துவாங்க. போற வழிக் கல்லு பூரா ஈரம், வழுக்கும். எனக்கு அதுதான் பயம். கடைசியா கோடி தீர்த்தம். ஈரச்சேலையோட சந்நிதிக்கு விடமாட்டாங்க. மாத்துச்சேலை பையில மேலாப்ல இருக்கட்டும்.

திருப்புல்லாணி ஆளு:
மணலுக்குக் கூட்டம் வேண்டாம்னா எங்க ஊர் தாண்டி சேதுக்கரைக்கு வாங்க. அந்த மணலைப் பிரயாகையில திரிவேணியில கரைச்சுட்டு, கங்கைத் தண்ணியை ராமநாதசுவாமி அபிஷேகத்துக்குக் கொண்டாரணும். பாதிப்பேரு காசியோட நிறுத்திக்கிறாங்க.

பரமக்குடிக்காரன்:
அப்ப திரும்பவும் ராமேஸ்வரமா! அம்மா இதைச் சொல்லவே இல்லையே.