தமிழில் சானெட்: எதைக் காப்பது, எதைத் தளர்த்துவது?

வைகைக்கரையான் (கேள்வி):
வணக்கம். வெண்பாவும் ஆசிரியப்பாவும் தளை தட்டாமல் எழுதும் அளவுக்கு எனக்குப் பயிற்சி உண்டு. இப்போது சானெட் என்னும் பதினான்கடி ஐரோப்பியப் பாவடிவத்தைத் தமிழில் எழுத விரும்புகிறேன். ஆங்கில சானெட்டின் அடி, மெலிந்தும் அழுந்தியும் மாறி மாறி ஒலிக்கும் பத்து அசையொலிகளால் ஆனது. அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாத நம் யாப்பில் அதைக் கொண்டுவர வழியில்லை. அடியிறுதி இயைபையும் விட்டுவிட்டால், எஞ்சுவது வெறும் பதினான்கடிப் பாட்டு ஆகிவிடாதா? கட்டாயம் காக்க வேண்டியது எது?

அகவலோசை:
இயைபை விடுவதில் தயக்கம் வேண்டாம் என்பதே என் கருத்து. தமிழில் வினைமுற்றுகள் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், ‘வந்தான், நின்றான், சென்றான்’ என்று முயற்சியே இல்லாமல் இயைபு அமைந்துவிடுகிறது; உழைப்பில்லாமல் கிடைக்கும் ஒலியில் கட்டுப்பாட்டின் இறுக்கம் இருக்காது. நம் செவி ஒலியொற்றுமையை எதிர்பார்ப்பது அடியின் தொடக்கத்தில். ஆகவே நாற்சீரடியை எடுத்துக்கொண்டு, முதலடிக்கும் மூன்றாமடிக்கும் ஓர் எதுகை, இரண்டாமடிக்கும் நான்காமடிக்கும் வேறோர் எதுகை என இடையிட்டு அமைத்துப் பாருங்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கையாண்ட அமைப்பில் முதலடி நான்காமடியோடு இணைய வேண்டும்; இடையில் இரண்டடி கடந்த பின் எதுகை நம் காதில் தங்குவதில்லை என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலவன்:
அகவலோசை அவர்கள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். இத்தாலிய மொழியிலும் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் இயைபு எளிதில் கிடைக்கும். அதற்காகப் பெட்ரார்க் அதைத் துறக்கவில்லை. வினைமுற்றில் முடிக்காமல் பெயர்ச்சொல்லின் பகுதியிலேயே இயைபை அமைத்தால் தமிழிலும் அது கடினமான, மதிக்கத்தக்க கட்டுப்பாடாகும்.

ஆயினும் உங்கள் கேள்விக்கு நேரான விடை இயைபில் இல்லை. எண்ணம் திரும்பும் இடத்தில் இருக்கிறது. பெட்ரார்க்கிடம் எட்டடி ஒரு நிலையை விரிக்க, ஒன்பதாமடியில் மனம் வேறு பக்கம் திரும்பும். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சர்ரே பிரபு, இயைபு அரிதாகக் கிடைக்கும் ஆங்கிலத்துக்கு ஏற்ப, இதையே மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியுமாக மாற்றினார். 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளிலேயே 99ஆவது பதினைந்து அடி கொண்டது. 126ஆவது பன்னிரண்டே அடி. மில்டன் தம் பார்வையிழப்பைப் பாடிய சானெட்டில் திருப்பம் ஒன்பதாமடிக்குக் காத்திராமல் எட்டாமடியின் நடுவிலேயே வந்துவிடுகிறது. பொறுமையிழந்த மனத்துக்குப் பொறுமை விடை சொல்ல முந்துவதால் அந்த மீறலுக்குப் பொருள் இருக்கிறது. அடி எண்ணிக்கையும் இயைபும் நெகிழ்ந்த இடங்கள் உண்டு. திருப்பமே இல்லாத பதினான்கு அடிகளை என்னால் சானெட் என்று ஏற்க இயலாது.

தமிழில் இம்முயற்சி புதிதும் அன்று. பரிதிமாற் கலைஞர் (1870–1903) ஆங்கில சானெட்டைப் பின்பற்றிப் பதினான்கடிப் பாக்களை இயற்றினார், அவை ‘தனிப்பாசுரத்தொகை’ என நூலாயின, ஜி. யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தொடங்குமுன் அந்நூலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

செங்கழுநீர்:
முடிவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஷேக்ஸ்பியர் முறையின் ஈற்றடி இரண்டும் நம்மவர் கையில் உடனே அறிவுரையாக மாறிவிடுகின்றன. நீதிநூல் படித்த பழக்கம் அப்படி. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வரும் அல்லவா? பதினான்கடியில் அது பதின்மூன்றாமடி. அங்கே ஒரு சீர் குறைவதாலேயே பாட்டு முடியப்போகிறது என்று செவி உணர்ந்துகொள்ளும். கருத்தைத் தொகுத்துச் சொல்லும் தேவை இல்லாமற்போகும்.

வைகைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. நேரிசை ஆசிரியப்பாவில், இடையிட்ட எதுகையோடு, ஒன்பதாமடித் திருப்பத்தை மட்டும் விடாமல் காத்து ஒன்று எழுதுகிறேன். நிலவன் அவர்கள் சொன்ன பெயர்ச்சொல் இயைபை அடுத்ததில் முயல்வேன். இரண்டையும் இங்கேயே இடுகிறேன். தளையோடு திருப்பத்தையும் சோதித்துச் சொல்லுங்கள்.