எடை குறைந்த குழந்தைக்குப் புரோபயாடிக் பொட்டலம் உதவுமா?

கேள்வி – அங்கன்வாடிப் பணியாளர்
வணக்கம். எங்கள் மையத்துக்கு வரும் பதினான்கு மாதக் குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12 செ.மீ.தான். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்து, ஏறிய எடையும் கரைந்துவிடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று தாய் நாள்தோறும் ஒரு புரோபயாடிக் (நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய) பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் முட்டை வாங்கலாமே என்று தோன்றினாலும், சரியாகத் தெரியாமல் தடுக்க மனம் வரவில்லை. இதனால் பயன் உண்டா?

பதில் – குழந்தைநல மருத்துவர்
மலாவியின் பிளான்டயர் நகரில், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள 795 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. வேர்க்கடலைப் பசை உணவோடு நன்மை தரும் நுண்ணுயிர்களையும் நார்ச்சத்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.9 விழுக்காட்டினரும், உணவை மட்டும் பெற்றவர்களில் 51.3 விழுக்காட்டினரும் தேறினார்கள். இதைப் பலன் என்று சொல்ல முடியாது. மேலும், நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய குழந்தைகளுக்கு இந்த நுண்ணுயிர்களே இரத்தத்தில் புகுந்து தொற்றாவதும் அரிதாக நேர்ந்திருக்கிறது. வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசலும், 10 முதல் 14 நாள்கள் துத்தநாக மருந்தும் தவறாமல் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரு பாதங்களிலும் வீக்கம் இருந்தாலோ சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பதில் – நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி
மருத்துவர் சொல்வது சரியே. ஆனால் வயதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு வாரம் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற நன்மை தரும் நுண்ணுயிரைப் பெற்றவர்களிடையே இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. ஆனால் அவர்கள் ஓரளவு நல்ல எடையுடன் பிறந்து, தாய்ப்பால் குடித்தவர்கள். வங்கதேசத்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கும் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற நுண்ணுயிரைக் கொடுத்தபோது எடை கூடியது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு. அவற்றை உண்டுதான் அந்த நுண்ணுயிர் வாழ்கிறது. உண்ண எதுவும் இல்லாத குடலில் எந்த நுண்ணுயிரும் தங்காது.

உங்கள் குழந்தைக்கு மிக நெருக்கமானது வங்கதேசத் தலைநகர் டாக்காவின் மீர்பூர் பகுதியில் கிடைத்த அனுபவம். மெலிந்த குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கேற்ப முதிராமல் பின்தங்கியிருப்பதை 2014இல் கண்டறிந்தவர்கள், அதை முதிரச் செய்யும் உணவைத் தேடினார்கள். கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் ஆகியவற்றைக் கொண்ட உணவை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதங்கள் கொடுத்தபோது, வழக்கமான துணை உணவைவிட ஆற்றல் குறைவாக இருந்தும் எடை விரைவாக ஏறியது (2021). நுண்சத்துகள் சேர்த்த அந்த உணவு வீட்டுச் சமையலில் அப்படியே வராது; ஆயினும் அப்பொருள்களை நன்கு வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறாரா?

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. தாய்ப்பாலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நாளை வீட்டுக்குச் செல்லும்போது முதலில் அதைக் கேட்டு, பாதங்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.