கோண்டாவிலில் காலை நடை: இருட்டு, நாய், மோட்டார் சைக்கிள். என்ன செய்யலாம்?

கோண்டாவில்காரி:
வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து விடிய வெள்ளன நடக்கத் தொடங்கியிருக்கிறோம். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், மற்றவர்களுக்குப் பிரஷர். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "நடவுங்கோ" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். எங்கே நடப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒழுங்கைக்குள் வீதி விளக்கு எரியாது, கட்டாக்காலி நாய்கள் கூட்டமாய்க் கிடக்கும். பலாலி வீதிக்கு ஏறினால் எங்கள் பக்கம் நடைபாதை கிடையாது. டியூசனுக்குப் பறக்கிற பெடியளின் மோட்டார் சைக்கிள் வேறு. போன கிழமை திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போன லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்று மாமி ஒருவரின் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது. அதோடு இரண்டு பேர் வருவதில்லை. குழு கலைந்துவிடும் போலிருக்கிறது. உங்கள் ஊரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பண்ணைக்காற்று:
பேசாமல் பண்ணைக் கடற்கரைக்கு வாங்கோ அக்கா. காற்றும் வரும், நாய்த் தொல்லையும் குறைவு.

கோண்டாவில்காரி:
தம்பி, இங்கிருந்து பண்ணைக்கு நடந்து வந்தால் அங்கேயே படுத்துவிட வேண்டியதுதான். எல்லோர் வீட்டிலும் ஸ்கூட்டி இல்லை.

பழைய சாரதி:
தங்கச்சி, நான் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் (இ.போ.ச.) காலமை முதல் பஸ் ஓட்டினவன். சாரதி ஆசனத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மாரி மழையில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கரும்பச்சைச் சேலையோடு இடப்பக்கமாய் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவர் கிட்ட வந்த பிறகுதான் தெரிவார். எதிரே ஒருவன் லைட்டை உயர்த்திப் போட்டு வந்தால் அதுவும் தெரியாது. நடைபாதை இல்லாத வீதியில் வலப்பக்கமாய், வாகனத்தை முகம் பார்த்து நடவுங்கோ. அந்த லாண்ட்மாஸ்டரை மாமி முன்னாலேயே கண்டிருப்பா.

ஒருவர் பின் ஒருவராய்ப் போகவேணும். கதைத்துக்கொண்டு மூன்று பேர் அகலத்துக்குப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். கதையை ஒழுங்கைக்குள் வைத்துக்கொள்ளலாம். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டோர்ச் இருக்கட்டும், நிலத்தைப் பார்த்துப் பிடிக்கவேணும். சைக்கிள் கடையில் ஒளி தெறிக்கிற ஸ்டிக்கர் கேட்டு வாங்கிச் செருப்பின் முன்பக்கமும் குதிப்பக்கமும் ஒட்டுங்கோ. மேலே கீழே அசைகிற வெளிச்சம் சாரதியின் கண்ணில் உடனே படும்.

விளக்குக்குப் பிரதேச சபைதான். உங்களுக்கு நல்லூர்ப் பிரதேச சபை. "ஒழுங்கை இருட்டு" என்று எழுதினால் கோப்புக்குள் போய்த் தூங்கும். எந்த வளவுக்கு முன்னால் உள்ள கம்பம், கம்பத்தில் இலக்கம் இருந்தால் அது என்ன என்று எழுதி, நடக்கிற எல்லோரும் கையெழுத்து வையுங்கோ. வேகத்தடை, பாதசாரிக் கடவை கேட்பதென்றால் வீதி யாருடையது என்று முதலில் பார்க்கவேணும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி மாகாணத் திணைக்களத்தின் கையில். ஒழுங்கைகள் பெரும்பாலும் சபையின் கையில். இது தெரியாமல்தான் பாதிக் கடிதங்கள் கந்தோர் கந்தோராய் அலைகின்றன.

வெள்ளைச்சட்டை:
நான் தாதி. சாரதி ஐயா சொன்னது சரி, சில விஷயங்கள் மட்டும் சேர்க்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் மடியில் குளுக்கோஸ் அல்லது சில டொபி வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அப்புறம், வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தினதே தெரியாது, புண்ணாகித்தான் வார்டுக்கு வருகிறார்கள். கிழமைக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே மூச்சில் வேண்டாம், அரை மணி வீதம் ஐந்து நாள் போதும்.

நாயைக் கண்டு ஓடக்கூடாது. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம்.

கோண்டாவில்காரி:
எல்லோருக்கும் நன்றி. கடிதம் எழுதத் தொடங்கிவிட்டோம். வராமல் நின்றவர்களிடமும் கையெழுத்து வாங்கலாமா?

பழைய சாரதி:
முதல் கையெழுத்தே அந்த மாமியினதாய் இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கந்தோரை விட்டு வெளியில் வராதேங்கோ.