13.8 வோல்ட், 20 ஆம்பியர் லீனியர் சப்ளைக்கு எந்த டிரான்சிஸ்டர்?

கேள்வி:
13.8 வோல்ட்டில் தொடர்ந்து 20 ஆம்பியர் தரும் லீனியர் பவர் சப்ளை ஒன்றை அமைத்து வருகிறேன். முழுச் சுமையில் ஃபில்டர் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 20 வோல்ட் நிற்கிறது. 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டில் 15 ஆம்பியர், 115 வாட் என்று இருப்பதால் இரண்டை இணையாகப் போட்டால் போதுமா? அல்லது ஒரே பெரிய மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தால் இயக்கப்படும் இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) மேலானதா?

பதில் 1:
இரண்டு போதாது. அந்த 115 வாட், டிரான்சிஸ்டரின் உறை 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். அதற்கு மேல் டிகிரிக்கு 0.66 வாட் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால், உறை 100 டிகிரியை எட்டும்போது 66 வாட்தான் மிஞ்சும். உங்கள் சுற்றில் 6.2 வோல்ட்டும் 20 ஆம்பியரும் சேர்ந்து 124 வாட் வெப்பமாகிறது. இரண்டு டிரான்சிஸ்டர் என்றால் தலைக்கு 62 வாட்; அந்த 66-ஐ ஏறத்தாழத் தொட்டுவிடும். கெயினையும் (பேஸ் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்பதை) பாருங்கள்: 4 ஆம்பியரில் குறைந்தது 20 என்று உறுதியளிக்கும் அதே டேட்டாஷீட், 10 ஆம்பியரில் 5 மட்டுமே என்கிறது. அப்படியானால் பேஸுக்கே 4 ஆம்பியர் வரை தேவைப்படலாம். நான்காகப் பிரித்து, அவற்றின் பேஸ்களுக்கு மின்னோட்டம் தரத் தனியாக ஒரு டிரைவர் டிரான்சிஸ்டரும் வையுங்கள்.

பதில் 2:
நான்கையும் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். சூடேறும் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குவதால், சூடானதே மேலும் மின்னோட்டத்தை இழுத்து மேலும் சூடாகும். ஒவ்வோர் எமிட்டரிலும் 0.1 ஓம் வையுங்கள். 5 ஆம்பியரில் அரை வோல்ட் விழுந்து பங்கீட்டைச் சமன் செய்யும். அதில் 2.5 வாட் வெப்பமாவதால் 5 வாட் ரெசிஸ்டர் வேண்டும்.

மாஸ்ஃபெட்டைப் பொறுத்தவரை, ஸ்விட்சிங்குக்கென்று செய்யப்பட்டவற்றை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த மின்னோட்டத்தில் அவையும் சூடேறச் சூடேற அதிகம் கடத்துவதால், சில்லின் ஒரே புள்ளியில் வெப்பம் குவிந்து கருகிவிடக்கூடும். டேட்டாஷீட்டின் பாதுகாப்பு எல்லை வரைபடத்தில், தொடர்ந்து மின்னோட்டம் பாயும் நிலைக்கான டிசி கோடு இல்லாத மாஸ்ஃபெட்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான்கு டிரான்சிஸ்டர் இருந்தால் அவுட்புட் ஷார்ட் ஆனாலும் தாங்குமா?

பதில் 1:
தாங்காது. ஷார்ட்டின்போது முழு மின்னழுத்தமும் டிரான்சிஸ்டர்களின் மேலேயே விழும். 20 ஆம்பியரில் லிமிட் செய்தாலும் 400 வாட், அதாவது தலைக்கு 100 வாட். டிரான்சிஸ்டரின் உள்ளே உள்ள சந்தியிலிருந்து உறைக்கு வாட்டுக்கு 1.52 டிகிரி, உறைக்கும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள மைக்காவுக்கும் கிரீஸுக்கும் சுமார் 0.4 எனக் கூட்டினால், சந்தி ஹீட் சிங்கை விட 190 டிகிரி மேலே போகும். சந்தியின் உச்ச வரம்போ 200. எம்ஜே15003 போன்ற 250 வாட் வகைக்கு மாறினால் இந்த 190 ஏறத்தாழ 110 ஆகும் என்றாலும், 400 வாட்டையும் வெளியேற்றும் ஹீட் சிங்குக்கு எங்கே போவது? சுமை வரம்பு மீறினால் மின்னோட்டத்தைத் தானே குறைக்கும் ஃபோல்ட்பேக் முறையில் ஷார்ட் மின்னோட்டத்தை 5 ஆம்பியருக்கு இறக்குங்கள். அப்போது சுமை குறைவதால் கெப்பாசிட்டர் மின்னழுத்தம் 25 வரை ஏறினாலும் மொத்தம் 125 வாட்தான். முழுச் சுமைக்கென்று போட்ட ஹீட் சிங்கே இதற்கும் போதும்.