கஜாவில் நனைந்த நாடகக் கேசட், உதவி தேவை

வணக்கம், திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். அப்பா நடித்த நகைச்சுவை நாடகக் குழு, பத்து வருஷம் மேடையேற்றியதில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்த காட்சிகளை மட்டும் பொறுக்கி 1991இல் ஒரே கேசட்டாகப் போட்டது. எங்களிடம் மிஞ்சியது ஒரே பிரதி. அப்பாவின் குரல் வேறு எதிலும் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்ததில் அலமாரி முழுக்க நனைந்தது. காயவைத்து எடுத்து வைத்தோம். போன மாதம் போட்டால் ஏ பக்கம் 20ஆவது நிமிஷத்திலும் பி பக்கம் 10ஆவது நிமிஷத்திலும் கிறீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது, சி-60 (பக்கத்துக்கு 30 நிமிஷம்) என்பதால் இரண்டும் நாடாவில் ஒரே இடம்தான். சுருள் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. கூட்டில் திருகு கிடையாது, ஒட்டியது.

பென்சில் விட்டு மெதுவாக முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். டூ-இன்-ஒன்னின் ஹெட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், பெல்ட்டும் மாற்றினேன். மற்ற கேசட்டுகள் அதில் ஒழுங்காகப் பாடுகின்றன, அதனால் செட்டில் கோளாறு இல்லை. மன்னார்குடியில் ஒரு கடைக்காரரிடம் வேறு கூட்டுக்கு மாற்றித் தரக் கேட்டேன், நாடா அறுந்துவிடும் என்று தொடவே மறுத்துவிட்டார். அவர் சொல்வதும் சரி, எனக்கும் பயம், இனி ஓட்டப் போவதில்லை. குழுவில் இருந்த இரண்டு மாமாக்களிடமும் பிரதி இல்லை.

அப்பா கல்யாணச் சமையல்காரராக வரும் காட்சி பி பக்கத்தில் அந்த இடத்துக்கு அப்புறம்தான் வருகிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கம் பூஞ்சை பிடித்த கேசட் நாடாவைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?